பாப்பா படம் போட்ட பாக்கெட்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும், கீழே கிடங்கில் அடுக்கியிருக்கும் முந்நூறு மூட்டைச் சலவைத்தூளும் சௌக்கியம். அங்கே நீங்களும், என் மகளும், ஏழு மாதப் பேத்தியும், இரண்டு மாதத்துக்கென்று வந்து இன்னும் திரும்பாத என் மனைவியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வியாபாரம் குறைவில்லாமல் நடக்கிறது என்றும், உங்கள் ஊரில் எல்லோருக்கும் பார்வை வேண்டிய அளவுக்கு மங்கிக்கொண்டு வருகிறது என்றும் நம்புகிறேன்.

இதை வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் கடை விலாசத்துக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு வந்தால் என் மகள்தான் பிரிப்பாள். இரண்டு வரி படித்துவிட்டு "அப்பா வழக்கம்போல ஆரம்பிச்சுட்டார்" என்று ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிடுவாள். போனில் பேசலாமே என்பீர்கள். பேசாமல் இருப்பேனா? தினமும் காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். உங்கள் அத்தை போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு "சாப்பிட்டீங்களா" என்பாள். சாப்பிட்டேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாப்பா அழும். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். அந்த அப்புறம் ஏழு மாதமாக வரவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் போனை மல்லாக்க வைத்துவிட்டு ஓடிவிடுகிறாள். நான் உங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது இறக்கையில் தூசி தெரிகிறது. பாப்பா படுக்கிற அறை, துடைக்கச் சொல்லுங்கள். கடிதம் எழுதினால் யாரும் குறுக்கே அழ முடியாது, அதனால் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவியைத் திருப்பி அனுப்ப வேண்டும். கோபமாகக் கேட்கவில்லை, வியாபாரி கேட்கிற மாதிரி கேட்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னாலும் அவளிடம் கேட்டேன். "பாப்பா தோல் எப்ப தடிக்கும்னு தெரியாம நான் எப்படி வர்றது" என்றாள். ஆக, அவள் வருவது பாப்பா தோலில் நிற்கிறது. தோல் எதில் நிற்கிறது என்று கேட்டேன். துணி துவைக்கிற சோப்பில் என்று டாக்டரம்மா சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மாப்பிள்ளை. சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டித் தெருத் தெருவாக விற்க ஆரம்பித்து, இன்றைக்குச் சொந்தக் கிடங்கு, சொந்த லேபிள் என்று நிற்கிறவன் நான். முப்பத்து நான்கு வருடம் சோப்பிலேயே கிடந்தவனுக்கு, ஒரு குழந்தைக்கு ஒத்துக்கொள்கிற சோப்பைக் கண்டுபிடிக்க முடியாதா? ஒரு வாரம் போதும், சோப்பைக் கண்டுபிடித்தால் தோல் சரியாகும், தோல் சரியானால் உங்கள் அத்தை பஸ் ஏறுவாள் என்று மனசுக்குள் வழி போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

நடந்ததை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். பாப்பா பிறந்த மூன்றாம் வாரம் நான் வந்தபோது ஒரு பெட்டி நிறைய நம் பாக்கெட் கொண்டுவந்தேன், ஞாபகம் இருக்கும். பாப்பா படம் போட்ட பாக்கெட். அதில் போட்டு என் மகள் துணிகளைத் துவைத்தாள். நாலாம் நாள் குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. அப்போது நான் என்ன சொன்னேன்? வெயில் என்றேன். உங்கள் ஊர்த் தண்ணீர் என்றேன். குறை நினைக்காதீர்கள், உங்கள் பக்கத்துப் பரம்பரைத் தோல் என்றும் சொன்னேன். உண்மையை இப்போது சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். அந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பதும், கார் படம் போட்ட பாக்கெட்டுக்குள் இருப்பதும், ஓட்டல் விரிப்புகளுக்கென்று சாக்கில் போகிறதும் ஒரே தூள். ஒரே டிரம்மிலிருந்து அள்ளுவதுதான். பல வருடத்துக்கு முன்னால் குழந்தை படம் போட்டால் நன்றாக ஓடும் என்று தோன்றியது, போட்டேன், ஓடியது. படத்தில் சிரிப்பது உங்கள் மனைவிதான், ஏழு மாதத்தில் எடுத்தது. இப்போது பேத்தியின் போட்டோவை போனில் அனுப்புகிறீர்கள் அல்லவா, அதே மூக்கு, அதே முன்நெற்றி, அதே சிரிப்பு. சிலதில் கன்னத்தில் மட்டும் சிவப்பு. என் லேபிளையே யாரோ சொறிந்துவிட்டு எனக்கு அனுப்புகிற மாதிரி இருக்கிறது.

சோப்பு தேடுவதற்கு முன்னால் துவைக்கத் தெரிய வேண்டும் அல்லவா? இந்த வயது வரைக்கும் நான் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்ததில்லை. விற்றிருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் அத்தை போன பிறகு சட்டைகளைச் சலவைக்காரரிடம் போட்டுக்கொண்டிருந்தேன், அவருக்கும் நான்தான் தூள் கொடுக்கிறேன். நானே துவைத்துப் பார்க்கலாம் என்று வாஷிங் மெஷினைத் திறந்தேன். இரண்டு பேர் துணிக்கு வாங்கிய மெஷின். என் ஒருவன் துணி அடியில் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது, பஸ்ஸில் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி. பாக்கெட்டில் போட்டிருந்தபடி நாலு கரண்டி போட்டேன். கால் மணி நேரத்தில் நுரை மெஷினை விட்டு இறங்கி, குளியலறையைத் தாண்டி, கூடத்துக்கு வந்து, வாசல் படியில் இறங்க ஆரம்பித்தது. நம் சரக்கின் வேகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா இறங்கி வந்து, கணுக்கால் நுரையில் நின்றுகொண்டு, மெஷினை நிறுத்தினார்.

"எவ்வளவு போட்டீங்க சார்?"

"பாக்கெட்ல இருக்கறபடி நாலு கரண்டி, சிஸ்டர்."

"இத்தனூண்டு துணிக்கு அரைக் கரண்டி போதுமே. நாலுன்னு போட்டது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"அரைன்னு போட்டா பாக்கெட் தீரவே தீராதே."

சிஸ்டர் துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார். முப்பத்தாறு வருடம் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் ஊசி போட்ட மாதிரிதான் இருக்கும்.

அடுத்து, மாற்றான் சரக்கு வாங்க வேண்டும். அதில் எனக்கிருந்த சங்கடம் உங்களுக்குப் புரியாது. கடைத்தெருக் கோடியில் எனக்குப் போட்டிக்காரன் ஒருவன் இருக்கிறான், இருபது வருடமாக அவன் கடை வாசலில் நான் கால் வைத்ததில்லை. தொப்பி போட்டுக்கொண்டு போனேன். தொப்பிக்கு அவன் முதலில் வணக்கம் வைத்தான், பிறகு எனக்கு. "என்னண்ணே, உங்க சரக்கு தீர்ந்துபோச்சா" என்றான். பேத்திக்கு, தோலுக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். "அண்ணி வாங்கறதையே குடுத்துடவா" என்று சிரித்தான். கிண்டல் செய்கிறான் என்று எனக்குக் காது சூடாகிவிட்டது. என் மனைவி என்னத்துக்கு உன் கடைக்கு வரப்போகிறாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கண்ணில் பட்ட இரண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒன்று ரோஸ் நிற பாட்டில், குழந்தை படம், பூப் படம். இன்னொன்றில் பச்சை இலை படம் போட்டு, எல்லாம் இயற்கை என்று எழுதியிருந்தது. மூன்றாவதை மருந்துக் கடையில் வாங்கினேன். தண்ணீர் மாதிரி ஒரு திரவம், நிறம் இல்லை, படம் இல்லை, பொடி எழுத்தில் வாசனை சேர்க்கப்படவில்லை என்று ஒரு வரி. இந்த மாதிரி லேபிளை ஒட்டிக்கொண்டு எவன் பிழைப்பான் என்று நினைத்தேன். மருந்துக் கடைப் பெண், "டாக்டருங்க இதைத்தான் எழுதறாங்க, குழந்தைக்கு எத்தனை மாசம்" என்றாள். ஏழு என்றேன். "அம்மா வரலையா" என்றாள். குழந்தையின் அம்மாவைக் கேட்டாள். நான் என் வீட்டு அம்மாவை நினைத்துக்கொண்டு, "வர்றேன்னு சொல்லியிருக்கா" என்று பதில் சொன்னேன்.

பிறகு சோதனை. என் பனியன் ஒன்றை நாலு பட்டையாகக் கிழித்தேன். நம் தூள் ஒன்று, ரோஸ் பாட்டில் ஒன்று, இலைப் பாட்டில் ஒன்று, மருந்துக் கடைப் பாட்டில் ஒன்று என்று தனித்தனி வாளியில் துவைத்துக் காயப்போட்டு, இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாகச் சுற்றி, நழுவாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டேன். முழுக்கைச் சட்டை போட்டு மூன்று நாள் வியாபாரம் பார்த்தேன். கை வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் படியில் என்று சொன்னேன். விழுந்தேன் என்று சொன்னால் நாலு பேர் நின்று பேசிவிட்டுப் போகிறார்கள் மாப்பிள்ளை, அதுவும் தெரிந்துகொண்டேன். மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்த்தால் நாலு இடத்திலும் ஒரே மாதிரிச் சிவப்பு. உலகத்தில் எந்த சோப்பும் ஆகாது என்று முடிவு கட்டி சிஸ்டரிடம் கையை நீட்டினேன். பார்த்தார். "இது ரப்பர் பேண்ட் சார்" என்றார்.

இரண்டாம் தடவை சிஸ்டரே துணிப் பட்டையால் தளர்வாகக் கட்டிவிட்டார். மூன்று நாள் கழித்து நம் தூள் இருந்த இடம் லேசாகச் சிவந்திருந்தது. ரோஸ் பாட்டில் அரித்தது. இலைப் பாட்டிலும் கொஞ்சம் அரித்தது. இயற்கையிலேயும் அரிக்கிற வாசனை உண்டு என்று சிஸ்டர் சொன்னார். மருந்துக் கடைப் பாட்டில் இருந்த இடம் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. உடனே என் மகளுக்கு போன் போட்டேன், கண்டுபிடித்துவிட்டேன், எழுதிக்கொள் என்று பெயரைச் சொன்னேன். "அதைத்தானேப்பா ஆறு மாசமா வாங்கறோம்" என்றாள். சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்படியானால் குற்றம் துவைக்கிற முறையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தேன். தொழில் ரகசியம் எல்லாவற்றையும் அவிழ்த்து விடுகிறேன், படித்து வீட்டில் சொல்லுங்கள். நுரைக்கும் அழுக்குப் போவதற்கும் சம்பந்தம் இல்லை, ஜனங்கள் கேட்கிறார்கள் என்பதற்காக நுரை போடுகிறோம். நீலக் குருணை வெறும் சாயம். துணி வெள்ளையாகத் தெரிய ஒரு பளபளப்பு மருந்து சேர்ப்போம், அது அழுக்கை எடுப்பதில்லை, துணியிலேயே தங்கிக்கொண்டு கண்ணுக்கு வெளிச்சம் காட்டும். குழந்தைத் துணிக்கு அது வேண்டவே வேண்டாம். தூளைவிடத் திரவம் நல்லது, தண்ணீரில் முழுசாகப் போய்விடும். பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம், என் மாதிரி ஆட்கள்தான் கூட்டி எழுதுவோம். இரண்டு தடவை அலசுங்கள். துணியை மெத்தென்று ஆக்குவதற்கு ஒரு திரவம் விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள், அது துணி மேல் மெழுகு மாதிரி படியும். புதுத் துணி எதுவானாலும் துவைக்காமல் போடக் கூடாது. முக்கியமாக ஒன்று: பாப்பா உடுத்துகிற துணியை மட்டும் பார்த்தால் போதாது, பாப்பா மேல் படுகிற எல்லாத் துணியையும் பார்க்க வேண்டும். படுக்கை விரிப்பு, துண்டு, தூக்குகிறவர்களின் சட்டை, எல்லாம்.

இந்தப்படி நடந்தால் பத்தே நாளில் தோல் சரியாகிவிடும். பதினோராம் நாள் உங்கள் அத்தையை பஸ் ஏற்றிவிட வேண்டியது. ஜன்னல் ஓர சீட்டாகப் பாருங்கள், அவளுக்குத் தலை சுற்றும். இங்கே அவளுக்குக் குறை ஒன்றும் இருக்காது. துணிக்கொடியில் அவள் பக்கம் அப்படியே காலியாக விட்டுவைத்திருக்கிறேன். காலையில் டீ போட்டால் இரண்டு தம்ளர் எடுக்கிறேன். இரண்டாவது தம்ளரையும் நானே குடித்துவிடுகிறேன், அதனால் வீண் இல்லை.

மேலே உள்ளது திங்கட்கிழமை எழுதியது. இன்றைக்குப் புதன்கிழமை. நேற்று, கடிதத்தை முடித்து உறையில் போடுவதற்கு முன்னால், சோப்பு விஷயத்தில் தப்பு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை சிஸ்டர் பார்த்துவிடட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அந்தக் கண்ணாடி பழசு, உங்களிடம் சொல்லி ஒன்று மாற்றிக் கொடுக்க வேண்டும். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை. ஒரு வரி மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தூக்குகிறவர்களின் சட்டைன்னு எழுதியிருக்கீங்களே. யாரு யாரு தூக்குவாங்க?"

என் மகள், மாப்பிள்ளை, என் மனைவி என்றேன். அவர்கள் துணியெல்லாம் அந்தத் தண்ணீர் பாட்டிலில்தான் துவைக்கிறார்கள்.

"அப்புறம்?"

"போகும்போது நான் தூக்குவேன்."

பேத்தியின் போட்டோவைக் காட்டச் சொன்னார். உங்கள் அத்தை அனுப்பிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். தடிப்பு இடது கன்னத்தில், இடது தாடையோரம், கழுத்தில் கொஞ்சம். வலது கன்னம் சுத்தம்.

"நீங்க எந்தத் தோள்ல போட்டுக்குவீங்க சார்?"

வலது தோள் என்றேன். இடது தோள் மூட்டை தூக்கித் தூக்கிப் போனது, குழந்தையை அதில் நம்ப முடியாது. சிஸ்டர் மடித்து வைத்திருந்த ஒரு துண்டைக் குழந்தை மாதிரி எடுத்து என் வலது தோளில் சாய்த்தார். முகம் என் கழுத்துப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், பாப்பா அப்படித்தான் படுக்கும். இடது கன்னம் என் சட்டை மேல் இருந்தது.

எனக்கு அப்போதும் முழுசாக ஏறவில்லை. சட்டை சுத்தமான சட்டைதானே சிஸ்டர், வாசனைகூட இல்லையே என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"உங்களுக்கு வாசனை தெரியாது சார். நீங்க படியேறி வர்றதுக்கு முன்னாடியே, நீங்க வர்றது எனக்கு மேல தெரியும்."

கீழே வந்து உட்கார்ந்தேன். நான் உங்கள் வீட்டுக்கு மூன்று தடவைதான் வந்திருக்கிறேன். முதல் தடவை பெட்டியோடு, அதைச் சொல்லிவிட்டேன். அடுத்து மூன்றாம் மாதம். அடுத்து ஐந்தாம் மாதம். போட்டோக்களில் தேதி இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன். தடிப்பு வந்ததெல்லாம் நான் ஊர் திரும்பிய மறுநாள், அல்லது அதற்கு மறுநாள். நடுவிலும் பிறகும் கன்னம் தெளிவாக இருக்கிறது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, வருகிறேன் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் உங்கள் அத்தை ஏதாவது சொன்னாள். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். மழையாக இருக்கிறது. உங்கள் முட்டிக்கு ஆகாது. என் மேல் இவ்வளவு அக்கறை இவளுக்கு எப்போது வந்தது என்று யோசித்தேனே தவிர, வேறு மாதிரி யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், யோசித்தேன். அங்கே பேத்தியும் மகளுமாகச் சந்தோஷமாக இருக்கிறாள், நான் இல்லாதது அவளுக்குச் சௌகரியமாக இருக்கிறது போல என்று யோசித்தேன். அந்த நினைப்போடுதான் திங்கட்கிழமை அந்த முதல் பக்கங்களை எழுதினேன்.

எழுந்து வீட்டிலிருக்கிற நம் பாக்கெட் எல்லாவற்றையும் கிடங்குக்கு இறக்க ஆரம்பித்தேன். கோபமா வெட்கமா தெரியவில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. குளியலறைப் பரணில் பன்னிரண்டு பாக்கெட். அதற்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, பழைய டப்பா ஒன்று. திறந்தேன். வெள்ளைக் கட்டி சோப்பு. பாதி கரைந்தது ஒன்று, உறை பிரிக்காதது மூன்று. நிறம் இல்லை; வாசனை இல்லை என்று உறையில் எழுதியிருந்தது, என் மூக்கை இனிமேல் நான் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன். உறை மேல் கடைத்தெருக் கோடிக்காரனின் முத்திரை. அண்ணி வாங்கறதையே குடுத்துடவா என்று அவன் கேட்டது கிண்டல் இல்லை மாப்பிள்ளை. நிஜமாகவே கேட்டிருக்கிறான்.

கல்யாணமான புதிதில் உங்கள் அத்தைக்குக் கை வெடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீரில் நிற்காதே என்று மருந்து வாங்கிக் கொடுத்தேன். பிறகு சரியாகிவிட்டது, மருந்து நல்ல மருந்து என்று நாலு பேரிடம் சொன்னேன். மருந்து இல்லை, இந்தக் கட்டி. அவள் துணி, உங்கள் மனைவி சின்னக் குழந்தையாக இருந்தபோது அவள் துணி, எல்லாம் இதில்தான் துவைத்திருக்க வேண்டும். என் சட்டைக்கு மட்டும் என் சரக்கு. லேபிளில் சிரிக்கிற குழந்தையின் துணிகூட இந்தத் தூளைத் தொட்டதில்லை. ஊரே அந்தப் படத்தை நம்பி வாங்கியது, என் வீட்டில் ஒருத்தி மட்டும் நம்பவில்லை, அதை எனக்குத் தெரியாமல் முப்பத்தொரு வருடம் பரணில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். இப்படி ஒளித்துவைத்தால் ஒரு மனுஷன் என்னதான் செய்வது?

அவளுக்கு போன் போடலாம் என்று எடுத்தேன். சாப்பிட்டீங்களா என்பாள். நான் சாப்பிட்டேன் என்பேன். வைத்துவிட்டேன், போடவில்லை. அவள் சொல்லாமல் விட்டதை நான் போனில் கேட்டு அவளைச் சொல்லவைக்க வேண்டாம். நீங்களும் கேட்க வேண்டாம்.

ஆகவே மாப்பிள்ளை, திங்கட்கிழமை கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் அத்தை அங்கேயே இருக்கட்டும். ஜன்னல் சீட்டு வேண்டாம். சரக்கில் குற்றம் இருந்தால் வியாபாரி திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டு வரக் கூடாது. அச்சகத்துக்குப் போய் பாக்கெட்டிலிருந்து பாப்பா படத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன், அளவையும் அரைக் கரண்டி என்று மாற்றச் சொன்னேன். படத்துக்குப் பதில் என்ன போடுவது என்று அச்சகக்காரர் கேட்டார். என் படத்தைப் போடுங்கள் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெறும் எழுத்தே போதும் சார் என்றார்.

இனிக் கேட்கப்போவது சின்ன உதவி. அடுத்த மாதம் முதல் ஞாயிறு நான் வருகிறேன். வீட்டுக்கு இல்லை, நேராக உங்கள் கடைக்கு. மூன்று புதுச் சட்டை வாங்கி, சிஸ்டர் வீட்டிலேயே, மருந்துக் கடைப் பாட்டிலில் இரண்டு தடவை துவைத்து, நாலு தடவை அலசி, அவர் மொட்டைமாடியில் காயவைத்து, மூடி இறுகிய தகர டப்பாவில் போட்டு அவரிடமே கொடுத்துவைத்திருக்கிறேன். அந்த டப்பா என் வாசலுக்குள்ளேயே வராது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறேன். உங்கள் கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பின்னால் திரை போட்ட இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே நான் கை, கழுத்து, முகம் கழுவிவிட்டுச் சட்டையை மாற்றிக்கொள்கிறேன். பழைய சட்டையை நீங்கள் உங்கள் மூக்குக்கு எட்டாத இடத்தில் கட்டிப் போடுங்கள். பிறகு நீங்களே என்னை ஒரு தடவை மோந்து பாருங்கள். மாமனாரை மோந்து பார்ப்பதாவது என்று கூச்சப்படாதீர்கள், கழுத்துப் பக்கம் நன்றாகப் பாருங்கள், வாசனை இருந்தால் அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். இல்லை என்று நீங்கள் சொன்னால் மட்டும் வீட்டுக்கு வருகிறேன். பாப்பாவை வலது தோளில் ஒரு ஐந்து நிமிஷம். மறுநாள் கன்னத்தைப் பார்த்து போட்டோ அனுப்புங்கள். தெளிவாக இருந்தால் அதற்கு அடுத்த மாதம் பத்து நிமிஷம் கேட்பேன். வியாபாரம் அப்படித்தான் வளர்த்தேன், கொஞ்சம் கொஞ்சமாக.

உங்கள் அத்தையிடம் நான் வருவதைச் சொல்லாதீர்கள். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்பாள்.

என் மகளுக்கு என் அன்பு. பேத்திக்கு என் ஆசிகள், இப்போதைக்கு இங்கிருந்தபடியே, காற்று இந்தப் பக்கம் திரும்பி வீசுகிற நேரமாகப் பார்த்துச் சொல்கிறேன். உங்களுக்குப் பார்வையும் வியாபாரமும் பெருகட்டும். உங்கள் அத்தைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கை வெடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டி, தபால்பெட்டிக்கு எடுத்துக்கொண்டு போகிற வழியில் சிஸ்டர் எதிரே வந்தார். கையிலிருந்த உறையைப் பார்த்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, இதை எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள் என்று கேட்டார். கிடங்கில், வாசனை எண்ணெய் டிரம் மேல் பலகை போட்டு எழுதினேன். அந்தக் காகிதமும் அந்த டிரம்முக்குப் பக்கத்தில் மூன்று வருடமாக இருக்கிற கட்டு. ஆகவே உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மாப்பிள்ளை, மேலே எழுதியதையெல்லாம் படித்து மனப்பாடம் செய்துகொண்டு, கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கடையிலேயே கிழித்துப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். வேறு காகிதத்தில் மறுபடி எழுதலாம்தான், ஆனால் எனக்கு இந்த வீட்டில் வாசனை இல்லாத காகிதம் எது என்று தெரியாது. கிழிப்பதற்கு முன்னால் ஒரு காரியம். உங்கள் அத்தை உங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும்போது, பாப்பா கூட இல்லாத நாளாகப் பார்த்து, இதை ஒரு தடவை அவள் கையில் கொடுங்கள். படிக்க வேண்டாம், மோந்து பார்க்கச் சொல்லுங்கள். முப்பத்தொரு வருடம் என் சட்டையை என் சரக்கிலேயே துவைத்தவளுக்கு இந்த வாசனை பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள், கேட்காதீர்கள். நீங்கள் தினமும் பத்து முகத்தைக் கிட்டத்தில் பார்த்துக் கண்ணாடி மாட்டுகிறவர். மோந்து பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்த்து எழுதுங்கள்.